கை கேக்கல

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மஞ்சு கேட்டாள். நல்ல வார்த்தைக்கு அவளே போதும். உங்களுக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவள்தான், வாசலில் நின்று நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட படத்தில் நட்டநடுவில் சிரிப்பவளும் அவள்தான். அந்தப் படம் எனக்கும் வந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதனால் இது நல்ல வார்த்தை இல்லை, பொறாமையோடு எழுதுவது. படித்துவிட்டு அவளிடமும் காட்டுங்கள். அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் கிடையாது.

என் பெயர் கஸ்தூரி. அம்பத்தூரில் நீங்கள் இப்போது ஏறி இறங்கும் அதே மாடியில், அதே மனநல மையத்தில், பேச்சு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அப்போது இருந்த டாக்டரம்மா வடக்கேயிருந்து வந்தவர். 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்டீங்களா' ஆகிய மூன்றுதான் அவருக்குத் தெரிந்த தமிழ். வருகிறவர்களோ எஸ்டேட் என்கிற நம் தொழிற்பேட்டையின் தொழிலாளர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், கடையில் நிற்கிற பெண்கள். நடுவில் நானும் மஞ்சுவும்.

இந்த வேலையின் விதிகளை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்ன அம்மாள் இரண்டே விதிதான் சொன்னார். நோயாளி 'எனக்குத் தூக்கம் வரல' என்றால், நீ டாக்டரிடம் 'அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்' என்று சொல்லாதே, 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்றே சொல். உன் வாயில் இன்னொருத்தர் இருக்கிற வரைக்கும் உனக்கு வாய் கிடையாது. உனக்கே ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் கையைத் தூக்கி, 'இது என் பேச்சு' என்று சொல்லிவிட்டுப் பேசு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தூக்குவதா என்று நினைத்தேன். பல வருடம் தூக்கவே இல்லை.

டாக்டரம்மா வாயில் அதிகம் வந்த ஆங்கிலப் பெயரடை 'கம்பல்சிவ்'. அகராதியைப் பார்த்தால் கட்டாய, நிர்ப்பந்த என்று போட்டிருக்கும். அதை நம்பி நான் பட்ட அவமானத்தைக் கேளுங்கள். பூந்தமல்லியிலிருந்து ஒரு மாமி வந்தார். பாத்திரக் கடையைக் கண்டால் அவரால் தாண்ட முடியாது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் எவர்சில்வர் குடம். அவருடைய மகனிடம் 'இது ஒருவகைக் கட்டாயக் கொள்முதல்' என்று கம்பீரமாகச் சொன்னேன். "யாரு மேடம் கட்டாயப்படுத்தறது, கடைக்காரனா?" என்று எழுந்தே விட்டார், ஆளைச் சொன்னால் போய் ஒரு கை பார்க்கலாம் என்று.

அந்தச் சொல் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போகாது. சூதாடியைச் சொன்னால் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாதவர். பொய்யரைச் சொன்னால், பஸ்ஸில் வந்துவிட்டு ஆட்டோவில் வந்தேன் என்பவர். ஆதாயம் ஒன்றுமில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். ஒரு பகுதியைப் பார்த்தால் அடுத்ததைப் பார்க்காமல் படுக்க விடாத தொடருக்கும் இதே சொல்லைப் பாராட்டாகப் போடுவார்கள். பெயரடைக்குப் பெயரடை தேடாதீர்கள், அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்த்து அதைச் சொல்லுங்கள். இன்னொன்று. டாக்டரம்மா நோய்க்கு இந்தச் சொல்லைப் போடும்போது, உள்ளே ஒரு குரல் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதையும் மீறித்தான் காரியம் நடக்க வேண்டும். வேண்டாம் என்கிற குரலே இல்லாதவருக்கு இந்தச் சொல்லை அவர் போடமாட்டார். அதற்கு வேறு பெயர், வேறு வைத்தியம், சில சமயம் போலீஸ்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஒரு வாக்கியமாகச் சொல்ல வரவில்லை. மஞ்சுவுக்கு வந்தது.

மஞ்சு குமணன்சாவடியில் பிறந்து வளர்ந்தவள். ஆங்கில இலக்கியம் படித்தவள், என்னைவிட நல்ல மதிப்பெண். அதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் சேர்ந்த மாதமே ஆவடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பார்க்க, பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பி ஓடுவாள். பார்த்துவிட்டு வந்து அடுத்த பஸ் ஏறுவாள், மறுபடி இறங்குவாள். நான் அவளிடம் 'அடக்க இயலாத உந்துதல்' என்று சொல்லியிருந்தேன். டிவி செய்திக்குத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த முறை எனக்கு விடுப்பு, மஞ்சு உட்கார்ந்தாள்.

"வாணாம்னு தெரியுது, ஆனா கை கேக்கல. அதானம்மா?" என்றாளாம்.

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாளாம். "அதத்தான்க்கா இத்தினி நாளா சொல்லத் தெரியாம கீறேன்" என்றாளாம். டாக்டரம்மா அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'கை கேக்கல' என்பதைத் தன் நாலாவது தமிழாகச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் அதை என்னிடமே சொல்லிக் காட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. அது எனக்கு வந்திருக்க வேண்டிய வாக்கியம். ஆவடியில் இருப்பவள் நான், அந்தப் பெண் முதலில் உட்கார்ந்தது என் எதிரில், அந்த பஸ் கதையை முதலில் கேட்டதும் நான். விடுப்பு எடுத்த ஒரே நாளில் இன்னொருத்தி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் "சிரிச்ச மொவத்து அக்கா இல்லியா?" என்று கேட்டார்கள். சிரிக்காத முகத்து அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். நான் மஞ்சுவின் தப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு, கரடுமுரடானதை மழுக்கிச் சொல்வாள். ஒருத்தி மாமியாரை 'சனியன்' என்றால் இவள் ஆங்கிலத்தில் 'கஷ்டமான மனுஷி' என்பாள். சாப்பாட்டு வேளையில் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்றைச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் டப்பாவை மூடிவிட்டு, "கஸ்தூரி, மறுபடியுமா?" என்றார். வீட்டில் என் கணவரோ, "அவ பேரச் சொல்லாம ஒருவேளை சோறு போடேன்" என்றார்.

தப்பு என்று தெரியாமல் இல்லை. தினமும் காலையில் இன்று கவனிக்கக் கூடாது என்றுதான் கிளம்புவேன். மாடிப்படி ஏறி அவள் குரல் கேட்டதும் காது அங்கே போய் நின்றுவிடும்.

இந்த நிலையில்தான் சேகரும் தேவியும் வந்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன், நீங்களும் எங்கே பேசினாலும் மாற்றுங்கள்.

சேகர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். தேவி வானகரத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடுகிறவள். சேகருக்குத் தேவிமேல் பொறாமை. அவளிடம் எவன் பேசினாலும், எவன் சில்லறை வாங்கினாலும் பொறாமை. தேவி பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி ஒரு முடிவு செய்திருந்தார்கள். டாக்டர் இதை வியாதி என்று சொன்னால் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், தேவி அன்றைக்கே சேகரோடு வீட்டுக்குப் போக வேண்டும். கீழே வேன் நின்றது, பக்கத்தில் பெரியவர்கள் காத்திருந்தார்கள். அவள் காலடியில் துணிப்பை இருந்தது.

தம்பதிகள் வந்தால் நம் மையத்தில் ஆளுக்கொரு குரல், உங்களுக்குத் தெரியும். சேகருக்கு மஞ்சு, தேவிக்கு நான். ஒரே வாய் இரண்டு பேருக்கும் பேசினால் யாராவது ஒருவருக்கு ஏமாந்த மாதிரி இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

முதலில் தேவி பேசினாள். "கடைக்கு எதுர்ல வண்டியப் போட்டுகினு கண்ணாடி வழியா பாத்துகினே இருப்பாரு. போனு எடுக்க ஒரு நிமிசம் லேட்டானா வீடியோ கால். கஸ்டமருக்கு பின்னால யாரு நிக்கறாங்கன்னு போன திருப்பிக் காட்டணும். ஊட்டுக்குப் போனா மொதல்ல போனத்தான் புடுங்குவாரு."

நான் டாக்டரம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில், 'என் கணவர் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்' என்று ஆரம்பித்தேன். பொறாமைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதை அன்றைக்கு வெகு நன்றாக மொழிபெயர்த்தேன். எனக்கென்ன, அனுபவத்துக்கா பஞ்சம்?

டாக்டரம்மா சேகர் பக்கம் திரும்பினார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: மனைவியின் போனை எடுக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது? அதில் பதிலுக்கான குறிப்பு இல்லை, சாய்வு இல்லை. அப்படிக் கேட்பது அவர் வழக்கம்.

சேகர் நல்ல சட்டை போட்டு நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தார். மஞ்சுவுக்குப் பயந்தவர்களைப் பார்த்தால் பொறுக்காது. சற்று முன்னால் குனிந்து, அந்தச் சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"போன எடுக்கச்சொல்லோ உள்ள இன்னா ஆவுது அண்ணாத்தே? வாணாம்னு தெரியுது, கை கேக்கல. அப்டித்தான?"

சேகரின் முகம் மலர்ந்தது. "ஆமாக்கா. கரீட்டா சொன்ன. கை கேக்கல."

மஞ்சு திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: 'வேண்டாம் என்று எனக்குத் தெரிகிறது. என் கை நான் சொல்வதைக் கேட்பதில்லை.' டாக்டரம்மா தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த அந்த நாலாவது தமிழைச் சேகர் வாயாலேயே கேட்டுவிட்டார். 'கம்பல்சிவ்' என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதிவிட்டு, இதற்கு மருந்து உண்டு, பயிற்சி உண்டு, குணமாகும் என்று ஆரம்பித்தார். நான் அதைத் தேவியிடம் தமிழில் சொன்னேன். என் வேலை அது. தேவி குனிந்து துணிப்பையின் காதைப் பிடித்தாள்.

அந்தக் கணத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். மாட்டினாள்! பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டிவிட்டாள். இது 'சனியன்' சமாச்சாரம் இல்லை, பெரிய தப்பு. டாக்டர் முன்னாலேயே, நாலு பேர் நடுவில். எத்தனை நாள் காத்திருந்தேன் இதற்கு!

சந்தோஷம் வந்த சூட்டிலேயே பயமும் வந்தது. நான் இப்போது வாயைத் திறந்தால் அது தேவிக்காகவா, மஞ்சுவைக் கவிழ்க்கவா? எனக்கே தெரியவில்லை. ஒருவேளை சேகருக்கு உண்மையிலேயே கை கேட்காமல் இருக்கலாம். மஞ்சு சொன்னது அவர் மனசில் இருந்ததாகவே இருக்கலாம், ஆவடிப் பெண்ணுக்கு அப்படித்தானே இருந்தது. மூன்று முறை கோள் சொல்லி, 'மறுபடியுமா?' என்று கேட்க வைத்த வாய் இது. நோயாளிகள் முன்னால் பேசி, அது வெறும் வயிற்றெரிச்சல் என்றாகிவிட்டால், என் வேலை போனாலும் நியாயம்தான். பேசாமல் இருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான் தேவியின் குரல், சேகரின் கேள்வி என் பொறுப்பு இல்லை.

நல்ல மனசு வருகிற வரைக்கும் காத்திருக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தேவி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். எனக்கு நல்ல மனசு வருவதற்குள் வேன் பூந்தமல்லியைத் தாண்டியிருக்கும்.

கையைத் தூக்கினேன். "இது என் பேச்சு" என்றேன், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டாக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்தப் பதில் கேள்விக்குள்ளேயே இருந்தது. தயவுசெய்து மறுபடி கேளுங்கள். பதிலுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்காமல் கேட்கச் சொல்லுங்கள்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது கேள்வியைப் பற்றியதா, கஸ்தூரி? இல்லை மஞ்சுவைப் பற்றியதா?"

"இரண்டும்தான்" என்றேன். "ஆனாலும் கேளுங்கள்."

மஞ்சுவின் முகம் சிவந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மஞ்சுவிடமே சொன்னார், நீயே கேள், நான் கேட்டதை மட்டும் கேள் என்று. என்னைக் கேட்கச் சொல்வார் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. அதுவும் அவளுக்கே போயிற்று.

மஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரிப்பு இல்லை. "போன எடுக்கச்சொல்லோ உங்களுக்கு உள்ள இன்னா ஆவுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

சேகர் இப்போது பயமில்லாமல் இருந்தார். மருந்து, குணமாகும் என்றெல்லாம் கேட்டுவிட்டாரே, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா ஆவும்? ஒண்ணியும் ஆவாது. என் பொண்டாட்டி போனு, நான் பாக்காம எவன் பாப்பான்? பாத்துகினே இருந்தாத்தான் ஒயுங்கா இருப்பா. போன மாசம் ஒரு வாரம் உட்டுப் பாத்தேன், அதுக்குள்ள பக்கத்து பில்லு கவுண்டர் பையன்கிட்ட சிரிச்சிகினு கீறா. இனிமேட்டு உடறதா இல்ல." மஞ்சுவைப் பார்த்துச் சிநேகமாகத் தலையாட்டினார். "இந்த அக்கா நல்லா சொல்லிக் குடுத்துச்சு. எங்க ஊட்ல எவனா கேட்டா, கை கேக்கலன்னு சொல்லிக்கிறேன்."

மஞ்சு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே மழுக்கப் போகிறாள் என்று. அவள் மழுக்கவில்லை. அதே மிதப்பு, அதே திமிர், ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் வந்தது. 'என் மனைவியின் போனை நான் பார்க்காமல் வேறு எவன் பார்ப்பான்?' கடைசி வரிக்கு வந்தாள். அங்கே ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. 'இந்த அக்கா எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் கேட்டால், கை கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.' தன்னையே குத்துகிற வாக்கியத்தை, 'எனக்கு' என்று அவர் வாயாகவே இருந்து சொல்லி முடித்தாள்.

ஜெயித்தவள் நான். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டபோது எனக்கு வந்த பொறாமை, அதற்கு முன் வந்ததெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது. அந்தக் கடைசி வரியை நானாக இருந்தால் விழுங்கியிருப்பேன். சத்தியமாக விழுங்கியிருப்பேன்.

டாக்டரம்மா எழுதியிருந்த சொல்லை அடித்தார். பிறகு தேவியைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் அவ்வளவு மட்டும் கேட்டேன். தேவி மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"நான் இவருகூட போவல" என்றாள். "அம்மா ஊட்டுக்கே போறேன்."

"நான் இவரோடு போகவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் எத்தனையோ பேருடைய 'நான்' ஆக இருந்திருக்கிறேன், அன்றைக்கு மட்டும் அது கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. பிறகு பெரியவர்கள் மேலே வந்தார்கள், சத்தம் போட்டார்கள், சேகர் மேசையைத் தட்டினார். டாக்டரம்மா அசையவில்லை. தேவி போகும்வரை, 'உக்காருங்க' என்ற தன் தமிழை வைத்தே சேகரை உள்ளே உட்கார வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தேவியோடு கீழே இறங்கி, அவள் அம்மாவோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

ஆட்டோ போன பிறகு பக்கத்து டீக்கடையில் நின்றோம். மஞ்சு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"சந்தோசமாக்கா?" என்றாள்.

"பாதி."

"நான் சேந்ததுலேர்ந்து என் தப்பப் பொறுக்கிகினு கீறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நிறுத்திடறேன் மஞ்சு."

"வாணாம்" என்றாள் உடனே. கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ அங்க குந்திகினு என்னியே பாக்கலன்னா, அந்தப் பொண்ணு இந்நேரம் வண்டில போய்கினு இருக்கும். நான் சொன்ன ஒரு பேச்சால. நீ நிறுத்தாத. ஆனா டாக்டராண்ட சாப்பாட்டு நேரத்துல போய் சொல்ற பாரு, அத வச்சிக்காத. அங்கியே கையத் தூக்கு."

"நிறுத்தணும்னு தினம் காலைல நெனச்சுகிட்டுத்தான்டி வரேன்" என்றேன். "முடிஞ்சா எப்பவோ நிறுத்தியிருக்க மாட்டேனா?"

மஞ்சு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டாக்டரம்மா அடித்துவிட்ட அந்தப் பெயரடை அந்த அறையில் யாருக்குப் பொருந்தும் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

தம்பதிகள் வரும்போது சுவரோரமாக மூன்றாவதாக ஒரு நாற்காலி போடுகிறார்களே, அது எதற்கு என்று நீங்கள் கேட்டதாக மஞ்சு சொன்னாள். தரக் கட்டுப்பாடு என்று பதில் சொன்னாளாம். தரமாவது, கட்டுப்பாடாவது! அது என் பொறாமைக்கு அவள் போட்டுக் கொடுத்த நாற்காலி. இன்னொரு குரலுக்கு ஆள் சேர்ந்த பிறகு, ஓய்வு பெறும்வரை நான்தான் அதில் உட்கார்ந்தேன். இப்போது உங்களைத்தான் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறாள். நல்ல எண்ணத்தோடுதான் உட்கார வேண்டும் என்று அவசியமில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். கை தூக்கும்போது உங்கள் மனசு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சொல்வது சரியா என்று மட்டும் பாருங்கள். உள்நோக்கம் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

மஞ்சு இப்போது தப்பே விடுவதில்லை என்கிறார்கள். இருக்கட்டும். மனுஷிதானே, என்றைக்காவது விடுவாள். அன்றைக்கு அங்கேயே கையைத் தூக்குங்கள். பிறகு எனக்கு ஒரு போன் போடுங்கள். நோயாளி விஷயம் ஒன்றும் வேண்டாம், அவள் என்ன தப்பு விட்டாள் என்பது மட்டும் போதும். கேட்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. இருந்தாலும் போடுங்கள்.